கேலுஸ்கர் கூட்டிப்போன இடம்

(முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கஷ்டத்தை வென்ற இளைஞர்கள்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு வயது 32. ஆய்வேடு இன்னும் முடியவில்லை. எதையும் வென்ற ஆளாக நான் நிற்கவில்லை. அதனால் ஒரு பூங்காவிலிருந்து தொடங்குகிறேன்.

பம்பாயில் சர்னி ரோடு பூங்கா. பள்ளி விட்டதும் ஒரு பையன் அங்கே போய் உட்கார்ந்து படிப்பான். வீடு பரேலில் ஒரே ஓர் அறை. சமையல், விறகு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டான். தீண்டப்படாதவன் என்று மறுத்தார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தான். பாடநூலுக்கு வெளியே எது கிடைத்தாலும் வாசிப்பான். அவன் கேட்ட புத்தகத்துக்குக் காசில்லை என்றால் அப்பா ராம்ஜி கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நிற்பார், நகையை அடகு வைத்தாவது வாங்கி வருவார். அதே பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் பையனைக் கவனித்தார். யாரென்று விசாரித்தார். தெரிந்த பிறகும் பேசினார்.

பையன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேலுஸ்கர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை ஒரு பாராட்டுக் கூட்டத்தில் அம்பேத்கரின் கையில் கொடுத்தார். 1956 அக்டோபர் 14, நாக்பூர் வரை நீளும் கதை அது. எல்லா மேடையிலும் சொல்கிறோம். அவர் செய்த இன்னொரு வேலையை அவ்வளவாகச் சொல்வதில்லை. பணமில்லாமல் கல்லூரிப் படிப்பு நின்றுவிடும் நிலை வந்தபோது, அம்பேத்கரை பரோடா மன்னர் சாயாஜிராவிடம் கூட்டிப் போனவர் அவர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. 1913இல் மறுபடியும் பரோடா உதவியோடு கொலம்பியா.

"நல்லாப் படி தம்பி" என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பணம் இருக்கும் வாசல் எது என்று தெரிந்து, அதுவரை கூட நடந்து வருகிறவர்கள் குறைவு. நான் வழிகாட்டி என்று சொல்வது அவர்களைத்தான். குரு என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஏகலைவன் கதை தெரிந்த யாருக்கும் அந்தச் சொல் இனிக்காது.

ஆர்வம் இருந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்பவர்களிடம் ரோஹித் வெமுலாவைப் பற்றிக் கேளுங்கள். விண்மீன்கள் மீது அவ்வளவு காதல். கார்ல் சாகன் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்றிருந்தார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் தனக்கு வர வேண்டியிருக்கிறது என்று எழுதிவைத்திருந்தார்.

என் ஆசை கொஞ்சம் விநோதமானது. வீட்டு வேலை முடித்து வரும் அம்மா சில நாள் பஜ்ஜி வாங்கி வருவார். அந்த எண்ணெய்த் தாளை நீவி விட்டுப் படிப்பேன். செய்தி பாதியில் நிற்கும். மீதி என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் யோசிப்பேன். பிறகு அரசு விடுதியில் சேர்ந்தேன். பக்கத்து நூலகத்தின் பின்னறையில் பழைய நாளிதழ்க் கட்டுகள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். நூலகர் முதலில் விரட்டினார். பத்து நாள் கழித்து, "பிரிச்சா திரும்பக் கட்டி வைக்கணும்" என்றார். ஒரு வருடம் கழித்து, அயோத்திதாசப் பண்டிதர் எழுத்துகளின் தொகுப்பை மேசையில் வைத்து, "இவரும் பத்திரிகை நடத்தினவர்தான், தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறிய அதே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' சென்னையில் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்'. இன்று என் ஆய்வு அந்த இதழ்கள் மீதுதான்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எட்டு மாதம் உதவித்தொகை வரவில்லை. பெட்டி கட்டிவிட்டேன். துறையில் மூத்த ஆய்வாளர் அக்கா ஒருவர் இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மெஸ் பாக்கியைக் கட்டினார். என் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று விசாரித்து, அந்த மேசைக்கு எதிரில் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்தார். நான்காம் நாள் கையெழுத்தானது.

இதோடு இறங்கிவிட்டால் நான் பேசியது பொய்யாகிவிடும். விடுதியில் இரண்டு அறை தள்ளி முதுகலை படித்த ஒரு தம்பி. பறவைகள் என்றால் பைத்தியம். விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் நிற்பான். நாமக்கோழி இத்தனை, நத்தை குத்தி நாரை இத்தனை என்று நோட்டில் எழுதுவான். "ஆய்வு உதவித்தொகைக்குப் போடுறேன், விண்ணப்பத்த ஒரு தடவ பாத்துக் குடுங்கண்ணா" என்றான். எனக்குக் கருத்தரங்கக் கட்டுரை அவசரம். "அடுத்த வாரம் பார்க்கலாம்டா" என்றேன். நான் பார்ப்பதற்குள் கடைசித் தேதி வந்துவிட்டது, அவனே அனுப்பிவிட்டான். சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து வித்தியாசம். தள்ளுபடி. பத்து நிமிட வேலை, தோழர்களே. அவன் வீட்டில் அடுத்த வருடம்வரை காத்திருக்க வழியில்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எப்போதாவது வாட்ஸ்அப்பில் பறவைப் படம் அனுப்புவான். நான் ஓர் இதயக்குறி போடுவேன். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

நேரமாகிவிட்டது. போஸ்ட் மெட்ரிக், ஆய்வு உதவித்தொகை எதற்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும் தாள்களை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு வாருங்கள். எட்டு மணி வரை அங்கே இருப்பேன். முதலில் எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்போம். இனிஷியலையும் சேர்த்து.