ஒபுசேயில் மூன்றே முக்கால் மணி நேரம்

(நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"முதுமையில் தேக ஆரோக்கியம்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 36 வருஷம் கோப்பு பார்த்து, 2011-இல் ஓய்வு பெற்றவன். இப்போது வயது 74. ஆகவே உபதேசம் எதுவும் செய்யாமல், நான் ஓடிய ஒரு ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது நடந்தது ஜப்பானில், 2019 ஜூலை 15-ஆம் தேதி. அப்போது எனக்கு 68.

முதலில், இந்த வயதில் ஓட்டம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில். ஓய்வு பெற்ற மறு வருஷம் ரத்தத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அம்பாஜரி ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். நாக்பூர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் காலை ஆறு மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சீக்கிரம் திரும்புவதற்காக நடையை எட்டிப் போட்டேன். அது மெல்ல ஓட்டமாயிற்று. அவ்வளவுதான். இதில் வைராக்கியம் ஒன்றும் கிடையாது.

என் ஒரே பிள்ளை டோக்கியோவில் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கிறான். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷி கசாய் பகுதியில் வீடு. 2019 கோடையில் நானும் என் சம்சாரமும் அங்கே போவதாக ஏற்பாடு. பிப்ரவரியில் போனில் பேசும்போது, "அப்பா, ஒரு அரை மராத்தானுக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் கொடுக்கட்டுமா?" என்று கேட்டான். அரை மராத்தான் என்றால் 21 கிலோமீட்டர் 97.5 மீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடிய 42.195 கிலோமீட்டர் பின்னால் நிரந்தர அளவாகிவிட்டது, அதில் சரிபாதி. நான் அதுவரை ஓடியது அதிகபட்சம் எட்டு கிலோமீட்டர். "நேரக் கெடு எவ்வளவு?" என்று கேட்டேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் வேறு என்ன கேட்பான்! ஐந்து மணி நேரம் என்றான். சரி என்றேன்.

இதயப் பரிசோதனை, டிரெட்மில் சோதனை எல்லாம் செய்து, டாக்டரின் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் பயிற்சியைத் தொடங்கினேன். படித்த ரசாயனம் கொஞ்சம் உபயோகப்பட்டது. ஒரு மனிதன் ஒரு கிலோமீட்டர் ஓட, அவன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். என் எடை 64 கிலோ. ஆக 21 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,350 கிலோகலோரி. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் மொத்தச் செலவு அநேகமாக ஒன்றேதான். ஆனால் வேகமாக ஓடினால் தசைகளில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை சீக்கிரம் தீரும். மெதுவாக ஓடினால் கொழுப்பும் கூடவே எரிந்து கைகொடுக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் நம் வேகம். இன்னொன்று, வேர்வையில் தண்ணீர் மட்டும் அல்ல, உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும்.

இனி ஊருக்கு வருகிறேன். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் நாகானோ. 1998-இல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அங்கிருந்து ஒரு சிறிய ரயிலில் அரை மணி போனால் ஒபுசே. ஜனத்தொகை சுமார் 11,000. பரப்பு 19 சதுர கிலோமீட்டர்தான். அந்த மாகாணத்திலேயே மிகச் சிறிய ஊர். இவ்வளவு சிறிய ஊருக்குள் 21 கிலோமீட்டர் எப்படி ஓட முடியும்? சந்து, பொந்து, கோயில் வாசல், ஆப்பிள் தோட்டம், ஆற்றங்கரை என்று சுற்றிச் சுற்றித்தான் ஓட வேண்டும். 2003-இல் இந்த ஓட்டத்தைத் தொடங்கியவர்களுடைய எண்ணமும் அதுதான். இதற்கு "மினி மராத்தான்" என்று பெயர். ஜப்பானிய மொழியில் "மி நி" என்றால் "பார்ப்பதற்கு" என்று அர்த்தமாம். ஊரைப் பார்ப்பதற்காக ஓடும் ஓட்டம். அப்போது ஓட வந்தவர்களோ சுமார் எட்டாயிரம் பேர். ஊரின் ஜனத்தொகையில் முக்கால் பங்கு!

முதல் நாளே போய் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். நம் சாப்பாட்டுக் கவலை உங்களுக்குப் புரியும். அங்கே காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் மீனைக் கொதிக்க வைத்த சாறு கலந்திருக்கும். என் மாட்டுப்பெண் புளிக்காய்ச்சலும், ரைஸ் குக்கரில் வடித்த சாதமும் கட்டிக் கொடுத்திருந்தாள். தயிர் ஜப்பானில் எங்கும் கிடைக்கும். கவலை தீர்ந்தது.

மாலையில் கான்ஷோயின் என்ற புத்தர் கோயிலுக்குப் போனோம். அதன் விதானத்தில் ஒரு பெரிய பறவை ஓவியம் இருக்கிறது. ஃபீனிக்ஸ் என்கிறார்களே, அது. பெரிய அலையும் தூரத்தில் ஃபூஜி மலையும் உள்ள ஜப்பானியப் படத்தை நீங்கள் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்த ஹொகுசாய்தான் இதையும் உருவாக்கினார் என்கிறார்கள். 1848-இல், 88 வயதில். அவருடைய ஊர் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. எண்பது வயதுக்கு மேல் அந்த வழியில் பல முறை வந்து போயிருக்கிறார். 68 வயதில் முழங்கால் வலி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி என் பிள்ளை கனகுரி ஷிசோ என்பவரின் கதையைச் சொன்னான். ஜப்பான் முதன்முதலாக ஒலிம்பிக்ஸுக்குப் போனது 1912-இல், ஸ்டாக்ஹோமுக்கு. மராத்தான் ஓடிய கனகுரி வெயில் தாங்காமல் நடுவழியில் விழுந்தார். ஒரு வீட்டுக்காரர்கள் உபசரித்தார்கள். அதிகாரிகளிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊர் திரும்பிவிட்டார். பிற்பாடு 1967-இல் ஸ்வீடன்காரர்கள் அவரை அழைத்து, மிச்ச ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். 75 வயதில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். எடுத்துக்கொண்ட நேரம் 54 வருஷம், எட்டு மாதம், ஆறு நாள், சில மணி என்று அறிவித்தார்களாம்! "அதுவரைக்கும் எனக்குக் கெடு உண்டா?" என்று கேட்டேன். சிரித்தான். என் பிள்ளை என் எதிரில் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. மேகமூட்டம், ஆனால் புழுக்கம். பூனை வேஷம், தர்பூசணி வேஷம் போட்டவர்கள்கூட ஓடினார்கள். வீட்டு வாசல்களில் பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து "கம்பாத்தே, கம்பாத்தே" என்று கூவினார்கள். "முயற்சியை விடாதே" என்று அர்த்தம். அங்கங்கே மேஜை போட்டு உப்பில் புரட்டிய வெள்ளரி, தக்காளி, குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்தார்கள். வாத்திய கோஷ்டிகள் வேறு. நான் எதையும் பார்க்கவில்லை. என் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிஷம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் என்னைத் தாண்டினால் அவரைத் தாண்ட வேண்டும் என்று கால் பரபரக்கிறது. பேசும் வேகம்தான் நம் வேகம் என்று இப்போது உங்களுக்குச் சொன்னேனே, அன்று நானே அதை மறந்தேன். பத்து கிலோமீட்டர் வரை கணக்கைவிட ஆறு நிமிஷம் முன்னால் இருந்தேன். பிள்ளை இரண்டு தடவை "மெதுவாப் போலாம்ப்பா" என்றான். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினைந்தாவது கிலோமீட்டர், சிகுமா ஆற்றின் கரை. வலது ஆடுசதை கல்லாக இறுகிக்கொண்டது. ஓட முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கரையோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"நிறுத்திடலாம்ப்பா. அவா வண்டி வரும், ஏறிண்டுடலாம்."

"என்னாலே உன் நேரம் கெட்டுப்போறது. நீ போ."

"நான் நேரத்துக்காக வரலைப்பா."

கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர் மேஜை. அங்கிருந்து என் வயதுள்ள ஒரு அம்மாள் ஓடி வந்தார். பாஷை தெரியாது. பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து, சதையை நீவிவிட்டார். பிறகு சிவப்பாக ஒரு காயைக் கொடுத்தார். சந்தேகத்துடன் பிள்ளையைப் பார்த்தேன். "உமேபோஷிப்பா. உப்பிலே ஊறப்போட்ட பழம். சாப்பிடலாம்" என்றான். வாயில் போட்டால், நம் உப்பு நார்த்தங்காய்க்கு அக்கா! அத்தனை உப்பு, அத்தனை புளிப்பு. 36 வருஷ சர்வீஸில் யாரிடமும் ஒரு உதவி கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

எழுந்து நடந்தோம். சிறிது தூரம் போனதும் பிள்ளை மெதுவாகச் சொன்னான்.

"எட்டாம் கிளாஸ்லே 1,500 மீட்டர் ஓட்டத்திலே நான் கடைசியா வந்தேன். ஞாபகம் இருக்காப்பா?"

எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஒரு வருஷம்கூட அவன் பள்ளிக்கூட விளையாட்டு தினத்துக்குப் போனதில்லை.

"ராத்திரி ஆபீஸ்லேர்ந்து வந்து கேட்டேள். சொன்னேன். 'கடைசியா வர்றதுக்கு ஓடாமலே இருந்திருக்கலாமே'ன்னேள். அப்புறம் காலேஜ் முடிக்கற வரைக்கும் நான் எதிலேயும் ஓடலை."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஏறுகிறது என்று சொல்வது போலச் சொன்னான். சொன்னவனுக்கு மறந்துபோய்விட்டது; கேட்டவனுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நினைவிருந்திருக்கிறது. அவன் பரீட்சையில் 92 வாங்கினால் மீதி எட்டு எங்கே என்று கேட்ட தகப்பன் நான். நல்லதற்குத்தான் கேட்கிறோம் என்று நிஜமாகவே நம்பினேன். இங்கே இருக்கும் பல தகப்பனார்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்.

அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மிச்சம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ஐந்து நிமிஷம் நடை, இரண்டு நிமிஷம் ஓட்டம் என்று போனோம். அப்புறம்தான் ஊரைப் பார்த்தேன். ஆப்பிள் பச்சையாக எலுமிச்சை அளவில் காய்த்திருந்தது. ஊருக்குள் வந்ததும் செஸ்ட்நட் மரத்துண்டுகள் பதித்த ஒரு நடைபாதை. ஒபுசே அந்தக் கொட்டைக்குப் பேர்போன ஊர். எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் வயதான தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்களைத் தாண்டிப் போனவர்களும் எங்களுக்குக் கையசைத்தார்கள். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை.

எல்லைக் கோட்டை நானும் பிள்ளையும் சேர்ந்தே தாண்டினோம். மூன்று மணி 46 நிமிஷம். எங்களுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்தவருக்குத் தட்டிய மாதிரியே அவர்களுக்கும் தட்டுவார்கள் என்பது அந்தக் கைதட்டலைக் கேட்டால் தெரியும்.

புல்தரையில் உட்கார்ந்ததும் சொன்னேன். "அன்னிக்கு நான் கிரவுண்டுக்கு வந்திருக்கணும்டா. அந்த வார்த்தையையும் சொல்லியிருக்கக் கூடாது."

அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் குனிய முடியவில்லை என்று பார்த்து, என் காலடியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துவிட்டான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே வருஷம் அக்டோபரில் பெரும் புயல். நாங்கள் ஓடிய அதே சிகுமா ஆறு, நாகானோ நகரத்தின் பக்கம் கரையை உடைத்துக்கொண்டது. நாங்கள் போன தடத்தில் ஓடும் புல்லட் ரயில்களில் 120 பெட்டிகள் பணிமனையிலேயே தண்ணீரில் மூழ்கின. ஒபுசேயிலும் ஆற்றை ஒட்டிய தோட்டங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. செய்தியில் அந்தக் கரையைப் பார்த்தபோது என் காலைப் பிடித்துவிட்ட அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மறு வருஷம் கொரோனா. நான் திரும்ப அங்கே போகவில்லை. போயே தீர வேண்டிய ஓட்டத்துக்குக் காலத்தில் போய்விட்டேன் என்ற திருப்தி இருக்கிறது.

கடைசியாக மூன்று விஷயங்கள். ஒன்று, நடங்கள், முடிந்தவர்கள் மெல்ல ஓடுங்கள், ஆனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இரண்டு, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு நடங்கள், பேச முடிகிற வேகத்தில். மூன்று, நம் பிள்ளைகள் பம்பாயிலோ பாஸ்டனிலோ இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா, பிரமோஷன் ஆயிற்றா என்பதோடு நிறுத்தாமல், "நான் சொன்ன எது உன் மனசைப் புண்படுத்தியது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்பது கஷ்டம். ஆடுசதை பிடித்துக்கொள்வதைவிடக் கஷ்டம். ஆனால் அதற்கும் ஒரு நேரக் கெடு உண்டு. அது எத்தனை மணி என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

நான் இன்றும் காலையில் அம்பாஜரிக்குப் போகிறேன். நடை பாதி, ஓட்டம் பாதி. கைக்கடிகாரம் வீட்டில் இருக்கும். வருகிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம்.