சிறு குழந்தைகளும் தேகாப்பியாசமும்

(சோமனூரை அடுத்த ஒரு கிராமத்தில், தாய்மார்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு தறிக்கூடத்து வாசலில் சற்று நின்றேன். உள்ளே நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அறுந்த இழைக்கு முடிச்சுப் போட ஒரு தறியிலிருந்து மறு தறிக்கு அம்மாள் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நூல் மூட்டையின்மேல் நான்கு வயதுப் பையன் ஒருவன் செல்போனைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். நான் நின்ற நேரமெல்லாம் அவன் காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. விசாரித்தபோது அந்த அம்மாள், “பையன் ரொம்பச் சமத்துங்க, ஒரு தொந்தரவும் இல்லீங்க” என்று சந்தோஷத்தோடு சொன்னார்.

அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே சுற்றுகிற பட்டையும் பாய்கிற நாடாவும் இருக்கின்றன. வெளியே லாரி போகிற ரஸ்தா. குழந்தை அசையாதிருந்தால்தான் அவருக்கு நிம்மதி. ஆயினும் அந்தச் “சமத்து” என்ற வார்த்தையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். நான்கு வயதுக் குழந்தை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது சமர்த்தன்று. அக்குழந்தைக்கு ஏதோ ஒன்று மறுக்கப்படுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019-ஆம் ஆண்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கென்று சில விதிகளை வெளியிட்டனர். மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாள் ஒன்றுக்கு 180 நிமிஷமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். கட்டிப்போட்டாற்போல் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்திற்குமேல் அதை வைத்திருக்கலாகாது. செல்போன், டெலிவிஷன் முதலியவற்றின் முன் இருப்பது நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் மிகவும் நல்லது என்கிறார்கள். ஐந்து வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினம் சராசரி 60 நிமிஷம் நல்ல உழைப்புள்ள விளையாட்டு வேண்டுமென்று 2020-இல் சொன்னார்கள்.

மூன்று மணி நேரமா என்று சிலர் திகைப்பது தெரிகிறது. அது ஒரே மூச்சில் செய்ய வேண்டிய கசரத்து அன்று. சிறு குழந்தையின் ஓட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். சில விநாடி பறந்து ஓடும், நின்று ஒரு எறும்பைப் பார்க்கும், மறுபடி ஓடும். அதன் தேகம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. பெரியவர்களைப்போல் ஒரே சீராக நடக்கச் சொன்னால் அழும். அதன் போக்கில் விட்டால் நாமே களைத்துப்போகிற அளவு ஓடும். 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து பல ஆண்டுகள் நம் நாட்டில் தங்கி ஆசிரியர்களுக்குப் போதித்த மாண்டிசோரி அம்மையார், குழந்தையோடு நடக்கும்போது பெரியவர்களே அதன் நடைக்கு இசைய வேண்டுமென்று சொல்லி வந்தார். அங்கன்வாடிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற தகப்பனார்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். அரை மைல் தூரந்தான். அவன் நடந்தால் கால் மணி கூடுதலாகும். அந்தக் கால் மணி அவன் கணக்கில் வரவு.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பல ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டராக இருந்தவன். நேரங்கழித்து வந்த பிள்ளைக்கும், வீட்டுப் பாடம் எழுதாத பிள்ளைக்கும், “மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடு” என்று தண்டனை விதிப்பது என் வழக்கம். பருத்த சரீரமுள்ள பையன் ஒருவன் ஓட மாட்டாமல் நின்றபோது மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவன் விளையாட்டு நேரம் வந்தாலே வயிற்று வலி என்று படுத்துக்கொள்வான். வெகு காலம் கழித்து, நீரிழிவு வியாதியோடு அவனை ஒரு கடைவீதியில் சந்தித்தேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். வியாதிக்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் ஓட்டம் என்றாலே அவமானம் என்று அவனுக்குக் கற்பித்தவன் நான். ஆசிரியர்களே, ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள். “படிக்காவிட்டால் விளையாட்டுக் கிடையாது” என்பதும் அதற்கு அண்ணன் தம்பிதான்.

தேகாப்பியாசம் என்றால் பட்டாளத்து டிரில் என்று நினைத்திருந்த காலத்தில், 1920-இல், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். வரிசையில் நின்று கை தூக்குவதைக் காட்டிலும், விளையாட்டில் பிள்ளை தானாக விரும்பி உழைப்பது மேல் என்பதை அங்கே பயின்ற ஆசிரியர்கள் மாகாணமெங்கும் பரப்பினார்கள். நம் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே, அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் தொடங்கிய ஸ்ரீராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைச் சேர்ந்த மாருதி கல்லூரி, பெரியநாயக்கன்பாளையத்தில் இத்தகைய ஆசிரியர்களைத் தயார் செய்து வருகிறது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கல்லூரியில் படித்த ஆசிரியர் எதற்கு? உங்கள் ஊர் அப்பாருவும் அமுச்சியுமே போதும்.

அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நுங்கு தின்ற கூந்தலில் குச்சியைச் செருகி வண்டி ஓட்டினதும், பழைய சைக்கிள் டயரைக் கோலால் தட்டிக்கொண்டு காட்டுத் தடத்தில் ஓடினதும் அவர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும். பாண்டியில் ஒற்றைக்காலில் நிற்பது உடம்பின் சமநிலையைப் பழக்குகிறது. பச்சைக் குதிரையில் தாண்டிக் குதிக்கும் அதிர்ச்சியால் வளர்கிற எலும்பு கெட்டிப்படுகிறது. கிட்டிப்புள்ளில் கண்ணும் கையும் ஒன்றுக்கொன்று இசைகின்றன. ஆனால் புல் கண்ணில் பட்டுவிடும் அபாயமுண்டாகையால், அது எட்டு வயதிற்குமேல், பெரியவர் பார்வையில் நடக்கட்டும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கிய காலமும் இருந்தது. இப்போது அநேகக் கிணறுகள் வறண்டுவிட்டன. ஆழ்குழாய்கள் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டன. வறண்ட கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் கைவிட்ட குழாய்க்கு மூடியும் போட்ட பிறகே குழந்தைகளைக் காட்டில் ஓடவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு எட்டு வயதானதும் “பொட்டப்புள்ளைக்கு என்ன ஓட்டம்” என்று வீட்டுக்குள் இருத்திவிடுகிறார்கள். நம் கொங்குச் சீமைக்கே உரிய வள்ளி கும்மியை ஒரு காலத்தில் ஆண்களே ஆடி வந்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்து வாத்தியார் பத்திரப்பன் அவர்கள் பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று கோயில் மைதானங்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். குனிந்து நிமிர்ந்து, திரும்பி, தாளத்திற்குக் கால் வைத்து ஒரு மணி நேரம் ஆடுகிற சிறுமியின் நெற்றி வியர்வையைப் பாருங்கள். தேகாப்பியாசம் என்ற பெயரை அவளிடம் சொல்லவே வேண்டியதில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் வெளிச்சத்தில் வெகு நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறது என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். தைவான் தேசத்தில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினம் 120 நிமிஷம் வெளியில் இருக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தார்கள். நமக்கு வெளிச்சத்திற்குப் பஞ்சமில்லை. சித்திரை வைகாசியில் மட்டும் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை நிழலில் வையுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிட்டால் மாலை முழுவதும் நம்முடையது. சளி பிடிக்கும் என்று காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்தாதீர்கள். இளைப்புள்ள குழந்தையை வைத்தியரிடம் காட்டி, எவ்வளவு ஓடலாம் என்று கேட்டு ஓடவிடுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். கால் ஊனமுற்ற பிள்ளை இருந்தால் அவனுக்குப் பந்து எறியும் வேலையைக் கொடுங்கள். அம்பயராக ஓரத்தில் உட்கார்த்தி வைப்பது போதாது.

இனித் தறிக்கூடத்து அம்மாளுக்கு வருவோம். அவர் தறியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் கூலி போகும். ஆகவே இது ஒரு வீட்டில் தீர்கிற காரியமன்று. இந்த ஊரில் அறுவடைக் காலம் தவிர வெறுமனே கிடக்கும் களம் ஒன்று மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது, வருகையில் பார்த்தேன். வேலியில் இரண்டு இடம் பொத்தல். முள்ளை அகற்றி வேலியை அடைக்க ஒரு நாள் வேலை. மாலை ஐந்து முதல் ஆறரை வரை, வேலையில்லாத பெரியவர்கள் இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அவர்கள் விளையாட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டாம். சண்டை வந்தால் விலக்கினால் சரி. மற்றதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

அங்கன்வாடி அம்மாள் குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் யார் யார் வந்து உட்காருவார்கள் என்பதையும், குதிப்பதற்கு ஒரு வண்டி மணல் யார் கொடுப்பார்கள் என்பதையும் கூட்டம் கலையுமுன் சொல்லிவிடுங்கள். எழுதிக்கொள்கிறேன்.