இரவு ஒன்பது மணிக்கு மேல்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப தின ஒன்றுகூடலில் நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள நான் மேடையேறவில்லை. அவர்களில் சிலர் இந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அலுவலகத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஏற்பாட்டுக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இன்றைய வேலைச் சூழலும் மனநலமும்’. பெரிய தலைப்பு. அதில் ஒரு கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒருவருடைய அன்றைய வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?

என் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறி வரும். உடம்பெல்லாம் நோகும். ஆனால் துறைமுக வாயிலைத் தாண்டி வந்துவிட்டால் கப்பலும் பாரந்தூக்கியும் அவரோடு வீட்டுக்கு வராது. ஆசிரியர் வேலை அப்படியல்ல. நாற்பது கட்டுரைப் புத்தகங்களைப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருவோம். ஆனாலும் அந்தப் புத்தகங்கள் மேசை மேல் பேசாமல் கிடக்கும். நாமாக எடுத்துப் பிரித்தால்தான் உண்டு. கைத்தொலைபேசி வந்த பிறகு நிலைமை மாறியது. இரவு பதினொரு மணிக்குப் பெற்றோர் ஒருவர், “நாளைக்குச் சொல்வதெழுதுதல் உண்டா?” என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பதில் வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்விக்குறி வரும். 2024 செப்டம்பரில் நம் கல்வி அமைச்சு, ஆசிரியர்கள் தங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை என்றும், பள்ளி நேரத்துக்குப் பின் வரும் செய்திகளுக்குப் பதிலளிக்க வேண்டுமென யாரும் எதிர்பார்க்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த நல்ல காரியம் அது.

மற்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நம் வேலை நியமனச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்குக் கூலி தரவேண்டும். ஆனால் இந்த நேரக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. 2019 ஏப்ரலில் சட்டத்தை விரிவுபடுத்தியபோது வகுத்த வரம்பின்படி, மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களும், 2,600 வெள்ளி வரை வாங்கும் மற்ற ஊழியர்களும்தான் அதில் அடங்குவர். நிர்வாகிகளும் அதிகாரிகளும் அதில் சேர மாட்டார்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நாம் பிள்ளைகளைப் பட்டம் படிக்க வைத்தோம். “என் மகன் ஆபீசர்” என்று சொல்லிப் பூரித்தோம். அவன் அதிகாரியான அன்றே, மணிக்கணக்குப் பார்க்கும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டான். அவனுடைய தாத்தா துறைமுகத்தில் அனுபவித்த பாதுகாப்பு, குளிர்சாதன அறையில் உட்காரும் பேரனுக்கு இல்லை!

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். பெயரும் நிறுவனமும் வேண்டாம். காலையில் இங்குள்ள வேலை. லண்டனில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 4 அல்லது 5. அந்த நேரத்தில் அவர்கள் அழைப்பார்கள். நியூயார்க்கில் காலை 9 ஆகும்போது நமக்கு இரவு 9 அல்லது 10. அவர்களும் அழைப்பார்கள். மூன்று ஊர்களின் காலை வேளையும் ஒரே ஆள் தலையில் விடிகிறது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் மண்டபத் தூணோரம் உட்கார்ந்திருந்தார். “என்னப்பா?” என்று பக்கத்தில் அமர்ந்தேன். “சார், போன் அடிக்காதப்பவும் சட்டைப் பையில அதிர்ற மாதிரியே இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பாக்குறேன். ஒண்ணும் வந்திருக்காது. அப்புறம் தூக்கம் வராது” என்றார். மகளின் பிறந்தநாளில் கேக் வெட்டும்போதுகூடத் தாம் அங்கே இல்லாதது போலவே இருந்ததாகச் சொல்லி அழுதுவிட்டார். முப்பத்தைந்து வயது ஆண்மகன்.

அவர் வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கண்ணேறு பட்டிருக்கும், கயிறு மந்திரித்துக் கட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். வெளியில் சொல்லாதே, தங்கைக்கு வரன் பார்க்கிற நேரம் என்றும் சொன்னார்கள். கயிறு கட்டட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மறுநாளே பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொன்னேன். கால் எலும்பு முறிந்தால் மருத்துவரிடம் போகிறோம். வரன் பார்ப்பவர்கள் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லையே! அவர் போனார். மருத்துவர் விடுப்புக் கொடுத்தார், ஆலோசகரிடம் அனுப்பி வைத்தார். வேலைக்குத் திரும்பிய பின் மேலாளரிடம் நேராகப் பேசினார். இரவு அழைப்புகளை நான்கு பேர் முறைவைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது தூங்குகிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த நிலைமைக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. தீராத களைப்பு, வேலையின்மீது வெறுப்பு, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த மனச்சோர்வு அது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலையிட நெருக்கடியைச் சரியாகக் கையாளாததால் வரும் நிலை என்றார்கள். ஆகவே ஊழியரை மட்டும் தியானம் செய், யோகாசனம் செய் என்று அனுப்பிவைத்தால் போதாது. வேலையையும் திருத்த வேண்டும். அதே நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். நம் சமூகத்தில் இதய நோயும் நீரிழிவும் எவ்வளவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டில் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 1 முதல், தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்பு பற்றி நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்று 2020-ல் வந்த முத்தரப்பு அறிவுரையும் இருக்கிறது. அறிவுரைதான், சட்டமல்ல. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

மேலதிகாரியாக இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு 10.40-க்கு நினைவுக்கு வந்ததை, மறந்துவிடுவோமே என்று அனுப்பிவைக்கிறீர்கள். உங்கள் தலைப்பாரம் இறங்கிவிட்டது, நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதைப் பெற்றவர் திறந்து பார்த்தால் நீலக்குறி விழும். பார்த்தும் பதில் சொல்லவில்லையே என்று நினைப்பாரோ என அவர் விழித்திருப்பார். காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி மின்னஞ்சலில் இருக்கிறது. அல்லது ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். தாளும் பென்சிலும் இன்னும் கடையில் கிடைக்கின்றன.

நம் வீட்டையும் பார்க்கவேண்டும். உச்சிகாலப் பூசை முடிந்தால் ஆலயத்தில் நடை சாத்துகிறோம். அர்த்தசாமப் பூசைக்குப் பின் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். அதற்குமேல் எப்பேர்ப்பட்டவர் வந்தாலும் குருக்கள் கதவைத் திறப்பதில்லை. ஆனால் நம் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் நடை சாத்துவதே இல்லை. அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க யார் வருவது என்ற விவாதம் நள்ளிரவு வரை நடக்கிறது. பகலெல்லாம் அலுவலகத்துக்குப் பதில் சொன்ன பிள்ளை, இரவில் நமக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆகவே இரவு 9 மணிக்கு மேல், இறப்பு, விபத்து, மின்தடை போன்ற அவசரம் தவிர, குழுவில் செய்தி அனுப்புவதில்லை என்ற யோசனையை நிர்வாகக் குழுவில் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. திருவிழாக் காலத்தில் முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தைப்பூசத்துக்கும் தீமிதித் திருவிழாவுக்கும் முந்திய வாரங்களை விட்டுவிடுவோம் என்றேன். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கிறோம். பின்வரிசை இளையர்கள் இரண்டு பேராவது அன்று வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். உங்களுக்காக நான் மட்டும் வாதாடினால் எடுபடாது.

இறுதியாக ஓர் அறிவிப்பு. மனம் தாங்கமுடியாமல் போகும்போது அழைக்க 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 2025 ஜூனில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது எழுந்தால் 1767. இரண்டு எண்களையும் மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். காலணி அடுக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் யாரும் பார்க்கவில்லையே என்று கூச்சப்படாமல் குறித்துக்கொள்ளலாம்.

சமையற்கட்டிலிருந்து சைகை காட்டுகிறார்கள். சாம்பார் ஆறிவிடும்.