நீலகாயும் துப்பாக்கியும்

கங்கைச் சமவெளியில் குடியேறி வாழும் நம்மவர்க்கு நீலகாய் புதிய பிராணியன்று. ரயில் வண்டியின் சாளரத்தின் வழியே பார்க்கும்போது, கோதுமை வயலின் நடுவே, குதிரையோ பசுவோ என்று ஐயுறும்படி அது நிற்கும். பெயரில் பசு இருப்பினும் அது இரலை இனத்தது. ஆசியாக் கண்டத்து இரலைகளில் அதுவே பெரியது. முதிர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேலும் நிறுக்கும்.

ஒரு மந்தை ஓர் இரவு புகுந்தால் குடியானவனின் உழைப்பு பாழாகிறது. ஆதலின் 2015 டிசம்பரில், பீகாரின் சில மாவட்டங்களில் அதனை ஓராண்டுக்குப் பயிருக்குக் கேடு செய்யும் பிராணியென மத்திய அரசு அறிவித்தது. அத்தகைய அறிவிப்பில்லாத இடங்களில், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அதிகாரியின் எழுத்துமூலமான ஆணையின்றி அதனைச் சுடலாகாது. ஆணை கிடைத்தபின் எழும் கேள்வி, எந்தத் துப்பாக்கியால் சுடுவது என்பது. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டறியோம். எனினும் நாம் வாழும் ஊரில் நடக்கும் காரியத்தில் எது முறையென்று அறிந்திருத்தல் நன்று.

நீலகாயின் இதயமும் நுரையீரலும் முன்னங்கால் தோளை ஒட்டி உள்ளே அமைந்தவை. ஆணுக்குக் கழுத்திலும் மார்பிலும் தோல் தடித்திருக்கும். சிறு ரவைகளும், 2.6 கிராம் நிறையுள்ள .22 குண்டும் அவ்விடத்தை எட்டமாட்டா. புண்ணை மட்டுமே உண்டாக்கும். புண்பட்ட விலங்கு கரும்புத் தோட்டத்துள் ஓடி மறைந்து, பல நாள் துன்புற்று மடியும்.

.303 போன்ற படைத்துறை அளவுகள் தனியாருக்குப் பொதுவாக மறுக்கப்பட்டவை. ஆகவே, நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்படும் .315 துப்பாக்கியே கிராமங்களில் மிகுதி. அதன் குண்டு ஏறக்குறைய 16 கிராம், வேகம் குறைவு. 100 மீட்டருக்குள் அது போதும். அதற்கு அப்பால் குண்டு விரைவாகத் தாழ்ந்துவிடும். 1906இல் அமெரிக்கப் படைக்கென வகுக்கப்பட்ட .30-06 ஏறத்தாழ 11.7 கிராம் குண்டை நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்தும். தேர்ந்த கைக்கு 200 மீட்டரிலும் நம்பத்தக்கது. 1912இல் ஆங்கிலேயர் வெளியிட்ட .375 இவ்விரண்டினும் வலியது. ஆனால் அதன் உதைப்பு பெரிது. உதைப்புக்கு அஞ்சுபவன் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் உடலைக் குறுக்கிக்கொள்வான்; குண்டு குறி தவறிக் குடலில் பாயும். குடலில் பாய்ந்த பெருங்குண்டைக் காட்டிலும் நுரையீரலில் பாய்ந்த நடுத்தரக் குண்டு விரைவில் உயிர் போக்கும்.

ஆகவே, பழகிய கைக்கு .30-06 ஏற்றது, அஃதில்லாதபோது அருகிலிருந்து.315. எதுவாயினும், உடலுள் விரியும் மென்முனைக் குண்டே வேண்டும். முழு உறையிட்ட குண்டு விரியாமல் துளைத்து அப்பால் செல்லும்.

அந்த அப்பாலை நாம் மறத்தலாகாது. சமவெளியில் குண்டைத் தடுக்க மலையில்லை. குறி தப்பியது கிலோமீட்டர்க் கணக்கில் பறக்கும். அங்கே குடிசையிருக்கும்; நீர் பாய்ச்சும் ஆளிருப்பான். பரண்மீது அமர்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். அதற்கும் வழியில்லையெனில், அன்றிரவு சுடாது திரும்புதலே முறை. அயலூரில் வாழும் நம்மிடம் இதுபற்றி யோசனை கேட்பார் உண்டாயின், துப்பாக்கியின் அளவைச் சொல்லுமுன் இதனையே நாம் சொல்ல வேண்டும்.