மங்களூர் தொகுதி எங்கே போயிற்று?

கடலூர் மாவட்டத்தில் மங்களூர் என்றொரு தனித்தொகுதி இருந்தது. 2001இல் தோழர் தொல். திருமாவளவன் உதயசூரியன் சின்னத்தில் வென்று சட்டமன்றம் சென்றது அங்கிருந்துதான். 2004இல் அப்பதவியைத் துறந்தார். 2006இல் விடுதலைச் சிறுத்தைகள் மீண்டும் வென்றனர். 2008 மறுவரையறையில் மங்களூர் தொகுதியே இல்லாமற் போயிற்று. திட்டக்குடி புதிய தனித்தொகுதியாயிற்று. அங்கே 2011இல் தேமுதிக வென்றது. 2016இலும் 2021இலும் திமுக.

‘தனி’ என்ற பெயர் நீடித்தாலும், எல்லை மாறினால் எந்தச் சேரி எந்த ஊரோடு சேர்ந்து வாக்களிக்கிறது என்பது மாறிவிடும். ஊர் ஊராய்க் கட்டிய அமைப்பை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

ஆணை வெளியானபின், அரசமைப்பின் 329ஆம் பிரிவு நீதிமன்றக் கதவை ஏறக்குறைய அடைத்துவிடும். வரைவு வெளியாகிப் பொது அமர்வு நடக்கும் நாட்களில்தான் நம் ஆட்சேபத்துக்கு இடமுண்டு. மாணவத் தோழர்களே, அடுத்த வரைவு வரும்முன் உங்கள் வட்டத்துச் சேரிகளின் மக்கள்தொகைக் கணக்கைத் திரட்டி வையுங்கள்.