நீங்க எந்தக் கட்சி?

(திருமுடிவாக்கம் விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



வரத்துக் கால்வாயைத் தூர்வாரக் கோரி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போகிறோம். வாசலில் நின்றதும் முதல் கேள்வி என்ன வரும்? "நீங்க எந்தக் கட்சி?" இதற்குப் பதிலை இன்றைக்கே பேசி முடித்துவிடுவோம்.

நம்மில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறோம். அது குற்றமில்லை. ஆனால் போனதும் கட்சியைச் சொன்னால் பாதிப் பேர் கால்வாயைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள், கரைவேட்டியைத்தான் பார்ப்பார்கள்.

1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். குண்டு கட்சி பார்த்தா பாய்ந்தது? நாராயணசாமி நாயுடு எல்லாக் கட்சிக்காரரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார். அவரே 1982-ல் தனிக்கட்சி தொடங்கினார். அதுவரை தோளோடு தோள் நின்றவர்கள் "ஓட்டு சங்கத்துக்கா, பழைய கட்சிக்கா?" என்று தடுமாற வேண்டியதாயிற்று. 1984-ல் அவர் மறைந்தபின் சங்கம் பல பிரிவானது.

2020-21-ல் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்த விவசாயிகள், மேடையில் கட்சித் தலைவர்களுக்கு இடமில்லை என்றார்கள். ஆனாலும் அங்கிருந்த இடதுசாரிச் சங்கத்தார் தாங்கள் யார் என்பதை மறைக்கவில்லை. 3 வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின.

அப்படியானால் நாமும் மறைப்பதா? கூடவே கூடாது! முதலில் கால்வாயைப் பேசு. கேட்டால் உடனே உண்மையைச் சொல்லு: "ஆமாண்ணே, நான் இன்ன கட்சிதான். இந்தக் கையெழுத்து கட்சிக்கு இல்ல, நம்ம தண்ணிக்கு."

மூன்று பேர் மட்டும் கேட்காமலே சொல்லியாக வேண்டும். தேர்தலில் நிற்கப் போகிறவர், பணம் வசூல் செய்கிறவர், அதிகாரியிடம் நம் சார்பில் பேசப் போகிறவர். இவர்கள் மறைத்தது பின்னால் தெரிந்தால், "நம்மள வச்சு கட்சி வளர்த்தாங்க" என்ற பேச்சு வரும். அடுத்த முறை ஒரு கையெழுத்தும் கிடைக்காது.

நம் சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் மனுவில் ஒரு வரியும் குறையக்கூடாது. நாம் விவசாயி என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கட்சி அவரவர் விருப்பம்! கால்வாய் நம் எல்லோருக்கும் சொந்தம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!