மழைக் கணக்கும் கடன் கணக்கும்

(ஏலாக்குறிச்சியில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய இவ்வூரில் உங்களோடு பேசக் கிடைத்தது என் பாக்கியம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம், நம் பக்கத்தில் வருஷம் முழுதும் வெயிலும் மழையும் மாறிவரும் முறை. "மழையைப் பற்றி எங்களுக்கு இன்ஸ்பெக்டரா சொல்லவேண்டும்?" என்று உங்களிற் சிலர் நினைக்கலாம், நினைப்பது நியாயமே. வானம் பார்ப்பதில் நீங்களே எனக்கு ஆசிரியர்கள். கடன் புஸ்தகம் பார்ப்பது என் உத்தியோகம். அப்புஸ்தகத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. மழைக்கு ஒரு மாதம் முன்னே செய்யவேண்டிய காரியத்தை மழைக்குப் பின்னே செய்கிறவர் எவரோ, அவரே பெரும்பாலும் பாக்கிதாரர் ஆகிறார்.

வருஷத்தைச் சித்திரையிலிருந்து பார்ப்போம். சித்திரை, வைகாசியில் வெயில் உச்சம் பெறுகிறது. கத்திரி வெயில் மே மாதத்தில் ஏறக்குறைய முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. இக்காலத்தில் இடியோடு விழும் ஓரிரண்டு கோடை மழையைச் சிறிதென்று இகழலாகாது. அந்த ஈரத்தில் கோடை உழவு போட்டவன் நிலம், அடுத்த மழையைச் சொட்டு விடாமல் குடிக்கும். புழுவின் கூடும் களையின் வேரும் வெயிலில் காயும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அக்காற்று தன் மழையை மேற்குத்தொடர்ச்சி மலையிலே கொட்டிவிட்டு, நம்மிடம் வறண்ட ஆடிக்காற்றாக வந்துசேருகிறது. ஆயினும் ஆவணி, புரட்டாசியில் பகல் வெப்பத்தால் மேகம் திரண்டு மாலையில் இடிமழை பெய்வதுண்டு. மானாவாரி நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் இதுவே உயிர். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இந்த மழையை நம்பிப் பிறந்ததே.

அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டி வடகிழக்குப் பருவம் தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டில் ஒரு வருஷத்துச் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான இம்மூன்று மாதத்தில் விழுந்துவிடுகிறது. அதுவும் நாள்தோறும் சமமாக அன்று. வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலையோ புயலோ உண்டாகும் சில நாட்களில் மொத்தமாக விழுகிறது. பிறகு தையில் பனி. மாசி, பங்குனியில் வறட்சி. எட்டு மாதக் குடும்பச் செலவுக்கும் மூன்று மாத வானமே முதல் போடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வூருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நமக்கு அருகே ஓடும் கொள்ளிடத்தின் நீர் குடகிலும் மேற்கு மலைகளிலும் பெய்த மழை. ஆதலால் நம் வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு கரைபுரளும். 1924ஆம் வருஷம் ஜூலையில் அவ்வாறே பெருவெள்ளம் வந்தது. 2018ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர் நிறைந்து வழிந்த நீர் வந்தபோது, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. ஆற்று வெள்ளம் ஆடி, ஆவணியில் வந்தால், நம் மண்ணிலே பெய்யும் வெள்ளம் கார்த்திகையில் வருகிறது. 1956ஆம் வருஷம் நவம்பர் 23ஆம் தேதி, மருதையாற்று வெள்ளத்தில் அரியலூருக்கு அருகே ரயில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தம் பதவியை விட்டார். வருஷத்திற் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு செய்த காரியம் அது.

ஒரு வருஷம் போல் மறு வருஷம் இராது என்பதற்கும் சமீப அத்தாட்சி உண்டு. 2015ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அதற்கு அடுத்த 2016ஆம் வருஷமோ வழக்கமான மழையில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. முந்தின வருஷத்தை நம்பிக் கடன் வாங்கினவர் பிந்தின வருஷத்தில் என்ன ஆவார்?

இதற்குச் சங்கம் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, பயிர்க்கடன் மனுவை முந்திக் கொடுப்பது. சம்பாவுக்குக் கடன் வேண்டுவோர் சிட்டா, அடங்கல் முதலிய தஸ்தாவேஜுகளை ஆனியிலேயே சேர்த்துவைத்தால், ஆடியில் விதையும் உரமும் கையில் இருக்கும். நாற்று பிந்தினால், நீண்ட வயதுடைய ரகத்தை விட்டு மத்திய வயது ரகத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அடைமழை எதிர்பார்க்கும் நாளில் யூரியா இறைப்பது கடன் வாங்கிய பணத்தை வாய்க்காலில் விடுவதே.

இரண்டாவது, பயிர் இன்ஷூரன்ஸ். 2016ஆம் வருஷம் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தானியங்களுக்கும் எண்ணெய்வித்துக்களுக்கும் விவசாயி கட்டும் பங்கு, காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகைக்கு நூற்றுக்கு 2, ராபியில் ஒன்றரை. கடன் வாங்கினால் இன்ஷூரன்ஸ் தானே சேர்ந்துவிடும் என்று பலர் இன்னமும் நம்புகிறார்கள். 2020ஆம் வருஷத்துக் காரிப் முதல் அது அவரவர் இஷ்டம். ஆகவே கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். சம்பாவுக்குக் கெடு வழக்கமாக நவம்பர் மத்தியில் வருகிறது. அப்போது பருவமழை தொடங்கி ஒரு மாதங்கூட ஆகியிராது. மழை எப்படி என்று பார்த்துவிட்டுச் சேரலாம் என்பவருக்குக் கதவு சாத்தியிருக்கும். அறுத்துக் களத்தில் காயப்போட்ட கதிர் பருவந்தவறிய மழையில் நனைந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மூன்றாவது, தவணை. பயிர்க்கடனைத் தவணை தவறாமல் செலுத்துவோருக்கு இம்மாநிலத்தில் வட்டியில்லை. தையில் நெல் விற்ற பணம் கையில் இருக்கும் நாளே கடன் கட்டத் தகுந்த நாள். பங்குனிக்குத் தள்ளினால் கல்யாணச் செலவும் திருவிழாச் செலவும் அதைத் தின்றுவிடும். பின் லேவாதேவிக்காரர் வாசலே கதி.

நான்காவது, சங்கக் கட்டிடத்து முற்றத்தில் ஒரு மழைமானி. தினம் காலை எட்டரை மணிக்கு அளந்து கரும்பலகையில் எழுதுவது ஒரு நிமிஷ வேலை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். ஐந்து வருஷம் இவ்வாறு எழுதி வைத்தால், நம் ஊருக்கென்று ஒரு மழைப் பேரேடு உண்டாகும். எப்போது விதைப்பது, எவ்வளவு கடன் கேட்பது என்பவற்றை அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.

இம்மாகாணத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் வருஷம் திரூரில் ஏற்பட்டது. வானம் பொய்த்த காலத்தில் விவசாயி தனியாக நிற்கலாகாது என்பதே இவ்வியக்கத்தின் கருத்து. மழைமானி வாங்க இன்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.